தூதும் ஒற்றும்: சர்வதேச சட்டம் கூறுவது யாது?

தூது, ஒற்றாடல் என்னும் இரண்டினையும் திருவள்ளுவர் பொருட்பாலில் வெவ்வேறு அதிகாரங்களாக வகுத்தனர். அரசுக்கு இரண்டும் வேண்டும் என்பது பண்டையோர் கொள்கை. ஆயின், ஓர் அரசின் ஒற்றன் மற்றோர் அரசின் தூதுவனது ஓலையைக் கரவாகப் படிக்கலாமோ என்னும் வினா எழுமிடத்து இவை முரணுகின்றன. இக்காலச் சட்டம் அதற்குக் கூறும் விடையை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

இதற்கு ஆதாரமாயுள்ளது 1961 ஏப்பிரல் 18 இல் வியன்னாவில் நிறைவேறி, 1964 இல் நடைமுறைக்கு வந்த தூதுறவு உடன்படிக்கையாகும். அதன் 22 ஆம் உறுப்புரை, தூதரகத் தலைவரின் இசைவின்றி அவரை ஏற்ற நாட்டின் அலுவலர் தூதரகத்தினுட் புகலாகாது என விதிக்கும். 24 ஆம் உறுப்புரை, தூதரக ஆவணங்கள் எக்காலத்தும் எவ்விடத்தும் தீண்டத்தகாதன என்னும். 27 ஆம் உறுப்புரை, தூதுவர் தம் அரசோடு தடையின்றித் தொடர்பு கொள்ளவும் சங்கேத மொழியைக் கையாளவும் உரிமை நல்கித் தூதுப்பையைத் திறத்தலையும் விலக்கும். செய்தி கடந்து செல்லும் இடைவழி நாடுகளும் அதே காப்பினை அளித்தல் வேண்டும் என்பது 40 ஆம் உறுப்புரை.

கடமை ஒருபக்கத்தது மட்டுமன்று. தூதுவரும் சட்டத்துக்கமைந்த வழிகளாலேயே செய்தி அறிதல் வேண்டும் என 3 ஆம் உறுப்புரை கூறும். வரம்பு மீறுவோரைக் காரணங் கூறாமலே திருப்பி அனுப்ப 9 ஆம் உறுப்புரை இடந்தருகின்றது.

இவ்விதிகளின் பயனை உணர, அவை தோன்றுதற்கு முன் நிகழ்ந்த ஒன்றை நோக்குவாம். 1917 ஜனவரியில் ஜேர்மனிய வெளிநாட்டமைச்சர் சிம்மர்மான், மெக்சிக்கோவிலிருந்த தம் தூதுவருக்குச் சங்கேதத் தந்தியொன்று விடுத்தார். அமெரிக்கா போரிற் புகுமாயின் மெக்சிக்கோவைத் துணைசேர்க்குமாறு அது பணித்தது. அத்தந்தி சென்றது அமெரிக்க அரசின் தந்தி வழியாகவே. பிரித்தானியாவின் '40 ஆம் அறை' அதனைப் பிடித்துப் படித்தது. மார்ச் 1 இல் அது பத்திரிகைகளில் வெளியாயிற்று. ஏப்பிரல் 6 இல் அமெரிக்கா போர் தொடுத்தது. ஜேர்மனி பிரித்தானியாவின் பகைநாடு. அமெரிக்காவோ அன்று நடுநிலை நாடு. பகைவனது செய்தியை அறியும்பொருட்டு நண்பனது தந்தியையும் ஒட்டுக்கேட்டமை வெளிப்படாதிருக்க, பிரித்தானியர் மெக்சிக்கோவிலே வேறொரு பிரதியைத் தேடிப் பெற்றனர். செய்தவரே மறைக்க முயன்றமை ஈண்டுக் கருதத்தக்கது.

இனி, சட்டம் தெளிவாகப் பேசாத இடமும் உண்டு. தூதுவரை ஏற்ற நாடும் இடைவழி நாடும் ஒட்டுக்கேட்டல் உடன்படிக்கைக்கு மாறானது. ஆயின், தொடர்பற்ற மூன்றாம் நாடொன்று தன் எல்லையினுள்ளிருந்தே வானொலி அலையைப் பிடிப்பின் அது குற்றமாமோ என்பதில் அறிஞர் ஒருமுகப்பட்டாரல்லர். ஒரு நாடு தன் பாராளுமன்றச் சட்டத்தால் ஒற்றுக்கு அனுமதி நல்கலாம். எனினும், சர்வதேசக் கடமையினின்றும் நீங்குதற்கு உள்நாட்டுச் சட்டம் காரணமாகாது.

அண்மைக்கால வழக்கொன்றும் அறியத்தக்கது. 2004 இல் திமோர்க் கடலின் எண்ணெய், எரிவாயு வளம் குறித்துப் பேச்சு நிகழ்ந்தகாலை, அவுஸ்திரேலியா தன் அமைச்சரவை அறையை ஒட்டுக்கேட்டதெனக் கிழக்குத் திமோர் முறையிட்டது. 2013 டிசம்பரில் அந்நாட்டின் சட்டத்தரணியது கன்பராக் காரியாலயத்தில் அவுஸ்திரேலிய அதிகாரிகள் ஆவணங்களைக் கைப்பற்றினர். கிழக்குத் திமோர் ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றை நாடியது. நடுவர் விசாரணை, கடலெல்லைப் பேச்சு ஆகியன தொடர்பாக அந்நாடும் அதன் சட்ட ஆலோசகரும் கொள்ளும் தொடர்பில் அவுஸ்திரேலியா எவ்வாற்றானும் தலையிடலாகாது என 2014 மார்ச் 3 இல் 15 நீதிபதியர் ஆணையிட்டனர், மறுத்தவர் ஒருவரே. 2015 இல் ஆவணங்கள் மீண்டன, வழக்கும் மீளப்பெறப்பட்டது. ஆதலின், ஒட்டுக்கேட்டல் குற்றமோ என்பதனை அந்நீதிமன்று தீர்க்கவில்லை. 2018 மார்ச் 6 இல் இரு நாடுகளும் புதிய கடலெல்லை உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன.

இதனால் நாம் அறிவது யாதெனின், பெருநாடுகளுக்குக் கருவியும் பொருளும் உள. சிறுநாட்டுக்கு உள்ளது சட்டமொன்றே. பேச்சு மேசையில் ஒருவன் கையிலுள்ளதை மற்றவன் முன்னரே அறிவானாயின் அங்கு நிகழ்வது பேச்சாகாது. ஒற்று முற்றாக ஒழியும் என்று நாம் எதிர்பார்ப்பதற்கில்லை. எனினும், மீறுவோர் மறைந்து மீறுதலும், அகப்பட்டவிடத்து நாணுதலும் விதி இன்னும் உயிரோடுள்ளமைக்குச் சான்றாம். அவ்விதியைக் கற்றுக் காப்பது சிறுநாட்டு மாணவர்க்குத் தலையாய கடனாகும்.