‘தகவல் கொடுக்கப்பட்டது’ என்ற வரிக்குப் பிறகு

ஆலைகளுக்குச் சொந்தமான அனல் மின் நிலையங்களில் ஷிப்ட் இன்சார்ஜாகவும், பிறகு இயக்கப் பிரிவின் பொறுப்பிலும் இருந்தவன் நான். கன்ட்ரோல் ரூம் மேசையில் இருக்கும் லாக் புக்கை எடுத்துவிட்டு, இயக்கப் பதிவு, குறைப் பதிவு, வொர்க் ஆர்டர், பெர்மிட் (பராமரிப்பு வேலைக்கான எழுத்துப்பூர்வ அனுமதி), ஸ்டோர்ஸ் எல்லாவற்றையும் இணைக்கும் மென்பொருளைக் கொண்டுவரும் வேலையில் பங்கெடுத்திருக்கிறேன். சர்க்கரை ஆலை, குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், பெரிய மருத்துவமனை, டேட்டா சென்டர் என்று பல இடங்களில் இன்று இதே மாற்றம் நடக்கிறது. அதில் இறங்குகிறவர்களுக்கு, அருகிலிருந்து பார்த்துக் கற்றதைச் சொல்கிறேன்.

எங்கள் லாக் புக்குகளில் அடிக்கடி கண்ணில் படும் பதிவு இப்படி இருக்கும்: “ஃபீட் பம்ப் பி, மோட்டார் பக்க பேரிங் சூடு கூடுகிறது. மெக்கானிக்கலுக்குத் தகவல் கொடுக்கப்பட்டது.” ஏ ஷிப்ட் எழுதும். பி ஷிப்ட் அதையே எழுதும். சி ஷிப்டும் எழுதும். யார் யாரிடம் சொன்னார், கேட்டவர் என்ன முடிவெடுத்தார், மாற்று பேரிங் ஸ்டோர்ஸில் இருக்கிறதா, பம்ப்பை எப்போது நிறுத்தித் தர முடியும் என்ற கேள்விகளுக்கு அந்தப் புத்தகத்தில் இடமே கிடையாது. மெக்கானிக்கல் ஃபோர்மேனின் புத்தகம் வொர்க்‌ஷாப்பில் இருக்கிறது. ஸ்டோர்ஸில் இருப்பைக் குறிக்கும் பின் கார்டு இருக்கிறது. பெர்மிட்டுக்குத் தனிப் பதிவேடு. ஒரே பம்ப்புக்கு நான்கு இடங்களில் நான்கு வரலாறு.

குறையைப் பார்த்த கண்ணுக்கும் அதைச் சரிசெய்யும் கைக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குறைக்கத்தான் இணைந்த பராமரிப்பு மென்பொருள். இனி நான் சொல்வதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருபவை.

வாங்குவதற்கு முன் புத்தகத்தை வாசியுங்கள்

பழைய லாக் புக்குகளை எடுத்து, சீனியர் ஆபரேட்டர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாக வாசியுங்கள். அதில் பல வகைப் பதிவுகள் கலந்து கிடக்கும். நடந்தவை, கண்ட குறைகள், மேலதிகாரியின் உத்தரவுகள், அடுத்த ஷிப்டுக்கான எச்சரிக்கைகள், தற்காலிக ஏற்பாடுகள். மென்பொருளில் இவை தனித்தனி வகைகளாக இருக்க வேண்டும். ஏனென்றால் ஒவ்வொன்றும் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. குறை என்றால் பராமரிப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். உத்தரவு என்றால் எல்லா ஷிப்டும் படித்ததாக ஒப்பமிட வேண்டும்.

தற்காலிக ஏற்பாடுகளைத்தான் நான் முதலில் கவனிக்கச் சொல்வேன். ஒரு டிரான்ஸ்மிட்டர் கெட்டுப்போய், அதன் இன்டர்லாக்கை பைபாஸ் செய்து இயந்திரத்தை ஓட்டுகிறோம் என்று வையுங்கள். புத்தகத்தில் அந்தக் குறிப்பு நாலைந்து பக்கம் புரட்டியதும் மறைந்துவிடும். பைபாஸ் அப்படியே இருக்கும். மென்பொருளில் அதற்கு அனுமதித்தவர் பெயரும் காலக்கெடுவும் கட்டாயம் கேளுங்கள். நீக்கும் வரை ஒவ்வொரு ஷிப்ட் மாற்றத்திலும் அது திரையின் மேலே வந்து நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்து, வேறெதுவும் செய்யாமல் இதை மட்டும் செய்தாலே போட்ட பணத்துக்கு நியாயம் கிடைத்துவிடும்.

இயந்திரத்துக்கு ஒரே பெயர்

ஆபரேட்டருக்கு அது ‘பழைய பம்ப்’. எலக்ட்ரிக்கலுக்கு பிரேக்கர் எண். ஸ்டோர்ஸுக்குத் தயாரிப்பாளரின் மாடல் எண். இந்தக் குழப்பத்தோடு மென்பொருளில் ஏறினால் ஒரு இயந்திரத்தின் சரித்திரம் எப்போதும் ஒன்றுசேராது. ஜெர்மனியில் உருவாகி உலகின் பல மின் நிலையங்களில் வழங்கும் கேகேஎஸ் குறியீட்டு முறையில், எல்ஏசி என்றால் ஃபீட் வாட்டர் பம்ப் அமைப்பு, ஏபி என்றால் பம்ப். நீங்கள் எந்த முறையையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இயந்திரங்களைக் கண்காணித்து இயக்கும் டிசிஎஸ் கணினியின் திரை, பெர்மிட், வொர்க் ஆர்டர், இயந்திரத்தின் மேல் ஒட்டிய பலகை நான்கிலும் ஒரே எண் இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலை அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்துத் தயாரிக்காதீர்கள். வரைபடத்தில் இருக்கும் வால்வு தளத்தில் இருக்காது. தளத்தில் புதிதாக வைத்த வால்வு வரைபடத்தில் ஏறியிருக்காது. ஆபரேட்டரோடு நடந்து, தொட்டுப் பார்த்து எழுதுங்கள். கூடவே அவர்கள் வழங்கும் பெயரையும் தேடலுக்காக ஏற்றுங்கள். நள்ளிரவில் அவசரத்தில் ஒருவர் ‘பழைய பம்ப்’ என்று தட்டினாலும் சரியான பக்கம் திறக்க வேண்டும்.

ஆபரேட்டரிடம் குறைவாகக் கேளுங்கள்

மென்பொருள் விற்பவர்கள் காட்டும் படிவத்தில் ஏராளமான கட்டங்கள் இருக்கும். குறையின் வகை, காரணம், மூலகாரணம், பாதிப்பு, செலவுக் கணக்கு. நடுராத்திரியில் கையில் கிரீஸோடு வந்து நிற்பவருக்கு மூலகாரணம் எப்படித் தெரியும்? பட்டியல் நீண்டால் ‘மற்றவை’ என்பதைத் தட்டிவிட்டுப் போவார்கள். எண்ணெய், எரிவாயுத் துறையின் பராமரிப்புத் தரவுகளுக்கான ஐஎஸ்ஓ 14224 தரநிலை, வெளியே தெரிகிற பழுதையும் அதன் காரணத்தையும் தனித்தனியே பதியச் சொல்கிறது. எங்களுக்கு அது நன்றாகப் பொருந்தியது. கசிவு, சூடு, அதிர்வு, சத்தம் என்று கண்டதை மட்டும் ஆபரேட்டர் சொல்லட்டும். காரணத்தை, இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் வேலை முடிந்தபின் எழுதட்டும்.

தன் மொழியில் எழுத ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். ‘அசாதாரண சத்தம்’ என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் மெக்கானிக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. ‘ஸ்டார்ட் பண்ணினதும் கரகரங்குது, லோடு ஏறினா நின்னுடுது’ என்று எழுதினால் எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று அவர் அங்கேயே யோசிக்கத் தொடங்கிவிடுவார். தமிழும் ஆங்கிலமும் கலந்து வரட்டும். ஒரு புகைப்படம் சேர்க்க வழியிருக்கட்டும்.

மணிக்கொரு முறை எழுதும் ரீடிங்குகளில், டிசிஎஸ் தானே சேமிக்கும் அளவுகளை மனிதரை வைத்து மறுபடி தட்டச்சு செய்ய வைக்காதீர்கள். தளத்தில் நேரே பார்த்தால்தான் தெரியும் கேஜ்களை மட்டும் ரவுண்ட்ஸில் கேளுங்கள். மிச்சமாகும் நேரம் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று பார்க்கவும் கேட்கவும் முகரவும் வேண்டிய நேரம்.

எழுதியவருக்குப் பதில் போக வேண்டும்

“எழுதுனா யாரு சார் பார்க்கப்போறாங்க?” என்று அனுபவமுள்ள ஆபரேட்டர்கள் கேட்பார்கள். எதிர்ப்பு என்று அதை ஒதுக்காதீர்கள். பல வருடம் பதில் வராத புத்தகத்தில் எழுதியவர்களின் நியாயமான கேள்வி அது. பயிற்சி வகுப்பால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

குறை பதிவானதும் அது ஒருவர் பெயரில் போய் நிற்க வேண்டும். அவர் ஏற்றாரா, ஷட்டவுனுக்குத் தள்ளினாரா, நிராகரித்தாரா என்பது காரணத்தோடு எழுதியவர் திரைக்கே திரும்பி வர வேண்டும். எங்கள் இளம் மெயின்டனன்ஸ் என்ஜினியர் ஒருவர் திரையோடு நிறுத்தாமல் கன்ட்ரோல் ரூமுக்கே வந்து சொல்வார்: “அண்ணே, நீங்க எழுதின பேரிங்கை மாத்தியாச்சு. பேரிங்குக்குள்ள இருக்கிற கேஜ் உடைஞ்சிருந்துச்சு. இன்னும் ரெண்டு நாள் ஓடியிருந்தா ஷாஃப்ட் போயிருக்கும்.” அதன்பின் அந்த ஆபரேட்டரின் பதிவுகள் எப்படி மாறின என்று பார்த்தேன். எந்த நேரம், எந்த லோடு, எந்தப் பக்கம் என்று விவரமாக எழுத ஆரம்பித்தார்.

பெர்மிட்டைத் தனியே விடாதீர்கள்

1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை விபத்தில் 167 பேர் இறந்தார்கள். ஒரு கண்டன்சேட் பம்ப்பின் பாதுகாப்பு வால்வு சோதனைக்காகக் கழற்றப்பட்டு, அந்த இடத்தில் மூடித் தகடு மட்டும் போடப்பட்டிருந்தது. பம்ப் வேலைக்கு ஒரு பெர்மிட், வால்வு வேலைக்கு இன்னொன்று. வால்வு இன்னும் திரும்பப் பொருத்தப்படவில்லை என்ற செய்தி இரவு ஷிப்டைச் சேரவில்லை. ஓடிக்கொண்டிருந்த மற்றொரு பம்ப் நின்றதும் வால்வு கழற்றிய பம்ப்பை ஓட்ட முயன்றார்கள். கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை 1990இல் 106 பரிந்துரைகளுடன் வந்தது. பெர்மிட் முறையும் ஷிப்ட் ஒப்படைப்பும் அதில் முக்கிய இடம் பெற்றன.

நம் பாய்லர் ஹவுஸுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். ஒரு பம்ப்பின் பக்கத்தைத் திறந்தால் அதன் மீதும், அதோடு இணைந்த வால்வு, மோட்டார், குழாய் மீதும் திறந்திருக்கும் எல்லா பெர்மிட்டும் சேர்ந்து தெரிய வேண்டும். எந்த வால்வு பூட்டியிருக்கிறது, எந்த பிரேக்கர் ரேக் அவுட் ஆகியிருக்கிறது என்ற பட்டியலும் அங்கேயே இருக்க வேண்டும். பெர்மிட் திரும்பி வராமல் வொர்க் ஆர்டரை மூட மென்பொருள் அனுமதிக்கக் கூடாது. இந்த இணைப்பு இல்லாத மென்பொருளை வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

ஒப்படைப்பு மனிதரிடம்தான்

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் ஒரு கோபுரம் அளவுக்கு மீறி நிரம்பி, வெளியே வழிந்த எரிபொருள் வெடித்து, 15 பேர் இறந்தார்கள். முந்தைய ஷிப்ட் அதில் எவ்வளவு ஏற்றியது என்பதற்கு லாக் புக்கில் இருந்தது ஒற்றை வரி. காகிதத்தில் ஒற்றை வரி எழுதுகிறவர் திரையிலும் ஒற்றை வரிதான் எழுதுவார். திரை வந்துவிட்டது என்று முகம் பார்த்துப் பேசும் ஒப்படைப்பை நிறுத்தினால் நிலைமை முன்பைவிட மோசமாகும். வருகிறவரும் போகிறவரும் ஒரே திரையின் முன் நின்று, திறந்த பெர்மிட், பைபாஸ், முடியாத குறைகள் என்று வரிசையாகப் பேசி, இருவரும் ஒப்பமிட வேண்டும். அந்த நேரத்துக்குத் தேவையான ஆள் ஏற்பாட்டை நிர்வாகம் செய்து தர வேண்டும்.

பதிவைத் தண்டனைக்குப் பயன்படுத்தாதீர்கள்

2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எரிபொருள் கிடங்கில் ஒரு பெட்ரோல் தொட்டி நிரம்பி வழிந்து பெருந்தீ மூண்டது. அந்தத் தொட்டியின் அளவுமானி அதற்கு முந்தைய மூன்றரை மாதங்களில் 14 முறை சிக்கி நின்றிருக்கிறது. சில முறை பதிவானது, சில முறை ஆகவில்லை. அவ்வப்போது சரிசெய்துகொண்டு ஓட்டினார்கள். ‘இதே குறை இதற்கு முன் எத்தனை முறை?’ என்ற கேள்விக்கு மென்பொருள் நொடியில் பதில் தரும். ஆனால் எல்லா முறையும் பதிந்திருந்தால்தான் தரும்.

எந்த ஷிப்டில் அதிகக் குறை வந்தது என்று கணக்கெடுத்து மீட்டிங்கில் ஒருவரை எழுப்பி நிறுத்தினால் அடுத்த மாதமே குறைகள் ‘குறைந்துவிடும்’. உண்மையில் மறைந்தது பதிவு மட்டும்தான். அதிகம் எழுதும் ஷிப்டை நல்ல ஷிப்ட் என்று தலைமை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். காலை மீட்டிங்கைத் திரையில் உள்ள பட்டியலை வைத்தே நடத்த வேண்டும். ஜிஎம் தொலைபேசியில் விவரம் கேட்டுக்கொண்டால் கீழே யாரும் திரையைத் திறக்க மாட்டார்கள்.

நடைமுறையில் உதவியவை

ஒவ்வொருவருக்கும் சொந்த லாகின் கொடுங்கள். ஷிப்ட் முழுவதும் ஒரே லாகினில் எழுதினால் யார் பார்த்தார் என்பதே போய்விடும்.

டிரிப் ஆன நேரத்தில் யாரும் தட்டச்சு செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது. யூனிட்டை நிலைப்படுத்திய பிறகு எழுதட்டும். நடந்த நேரம், பதிந்த நேரம் இரண்டையும் மென்பொருள் காட்டட்டும். பழைய பதிவை அழிக்க வழி வேண்டாம். திருத்தத்தைக் கீழே சேர்க்க வழி போதும்.

புத்தகமும் மென்பொருளும் சேர்ந்து ஓடும் காலத்தைச் சுருக்குங்கள். நீண்டால் இரண்டும் அரைகுறையாகும். ஒரு தேதியை அறிவித்து, அன்று புத்தகத்தை ரெக்கார்ட் ரூமுக்கு அனுப்புங்கள். பழைய பக்கங்களை எல்லாம் தட்டச்சு செய்து ஏற்ற வேண்டியதில்லை. தீராத குறைகள், பைபாஸ்கள், மாற்றிய செட்டிங்குகள், முக்கிய இயந்திரங்களின் கடைசி ஓவர்ஹால் விவரம் இவை போதும்.

சர்வர் நிற்கும் நாளும் வரும். எண்ணிட்ட காகிதப் படிவங்கள் கன்ட்ரோல் ரூமில் தயாராக இருக்கட்டும். திறந்த பெர்மிட், ஐசொலேஷன் பட்டியலை ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு பிரதி அச்செடுத்து வையுங்கள்.

தடுப்புப் பராமரிப்பு அட்டவணையைத் தயாரிப்பாளரின் கையேட்டிலிருந்து அப்படியே கொட்டாதீர்கள். ஓடும் பம்ப்புக்கும் ஸ்டாண்ட்பை பம்ப்புக்கும் ஒரே நாளில் கிரீஸ் என்று மென்பொருள் சொல்லும். கிரீஸ் அதிகமானாலும் பேரிங் சூடாகும். ஓடிய மணிக்கணக்கை டிசிஎஸ்ஸிலிருந்து எடுத்து அதன்படி வேலையை வரவழையுங்கள். பாய்லர் ஆய்வு, கிரேன், செயின் பிளாக் சோதனை போன்ற சட்டக் கடமைகளை மட்டும் காலண்டரில் போட்டு, ஆயத்தத்துக்குப் போதுமான நாள் முன்பே நினைவூட்டச் செய்யுங்கள்.

இவ்வளவும் செய்தபின் மாற்றம் வேரூன்றியதா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. இரவு ஷிப்டில் இருக்கும் ஆபரேட்டர் ஒருவரிடம் போய், “நீங்க கடைசியா எழுதின குறை இப்போ யார் கையில இருக்கு, எப்போ முடியும்?” என்று கேளுங்கள். அவர் திரையைத் திறந்து பெயரும் தேதியும் காட்டினால் அடுத்த வசதிகளைப் பற்றி யோசிக்கலாம். காட்ட முடியவில்லை என்றால் டேஷ்போர்டும் அறிக்கைகளும் காத்திருக்கட்டும். அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவையுங்கள்.