பகை ரத்தத்தில் ஊறியதா?

கேள்வி: ஆப்கானிஸ்தான்-பாகிஸ்தான் எல்லைப் பகுதியில் வாழும் பஷ்தூன்களுக்குப் பழிவாங்கல் பிறவிக் குணமா?

பதில்: இல்லை. 'எல்லை காந்தி' கான் அப்துல் கஃபார் கான் 1929-ல் தொடங்கிய குதாயி கித்மத்கார் இயக்கத்தில் சேர்ந்த பஷ்தூன்கள், பழிவாங்க மாட்டோம் என்று உறுதியெடுத்தார்கள். 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைவீதியில், ஆயுதமில்லாத கூட்டத்தின் மீது பிரிட்டிஷ் படை சுட்டது. அதன் பிறகும் இயக்கம் அகிம்சையைக் கைவிடவில்லை, இன்னும் பெருகியது. எல்லாம் காந்தியின் செல்வாக்கு என்பார்கள். அது பாதி உண்மைதான். காந்தி இந்தியா திரும்பும் முன்பே, 1910-ல், தன் ஊரான உத்மன்சாயில் பள்ளி திறந்து சீர்திருத்தத்தைத் தொடங்கிவிட்டார் கான். பஷ்தூன்களின் மரபு நெறியான பஷ்தூன்வாலியில் பழிக்குப் பழி உண்டு, மறுக்கவில்லை. எதிரியே வாசல் தேடி வந்து மன்னிப்புக் கேட்டால் பகையை முடிக்கச் சொல்வதும் அதே நெறிதான். 1979-ல் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பின் வல்லரசுகள் பஷ்தூன் மண்ணில் கொண்டுவந்து கொட்டிய ஆயுதங்களைப் பேசாமல் ரத்தத்தைக் குறை சொல்வது அநியாயம்.