கணக்கு கணினியில் ஏறுமுன்

நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க, ரூ. 2,516 கோடி மதிப்பீட்டிலான திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. பொதுவான மென்பொருளை அமைக்கும் பொறுப்பு நபார்டு வங்கியினுடையது.

கருவி வருவது எளிது; பேரேட்டிலுள்ள பழைய நிலுவைகளை அதில் பிழையின்றி ஏற்றுவதே கடினம். சிவகாசி வட்டாரத்துச் சங்கமொன்றில், தம் பெயரும் தந்தை பெயரும் ஒன்றாயிருந்த இரு அங்கத்தினரின் நகைக்கடன்கள் ஒரே கணக்கில் ஏறியிருக்கக் கண்டேன். ஒருவர் கட்டிய பணம் மற்றவருக்கு வரவாகிவிட்டது. கட்டியவருக்கோ ஏல அறிவிப்பு! அவர் பத்திரப்படுத்தியிருந்த ரசீதே நகையைக் காத்தது.

ஆகையால், ஒவ்வொரு நிலுவையையும் பெயரைக் கொண்டன்றி உறுப்பினர் எண்ணைக் கொண்டு முதலில் சரிபார்த்தல் வேண்டும். பகலெல்லாம் பட்டாசு ஆலையிலிருப்போர் சங்க நேரத்தில் வர இயலாது. தீபாவளி கழிந்து ஆலைகள் அடைத்திருக்கும் நாட்களே அவர்களை அழைக்க ஏற்றவை. பயிர்க்கடனுக்குக் கூட்டம் திரளும் புரட்டாசியில் புதிய முறையைத் தொடங்குதல் கூடாது. கணக்கர் பழகும்வரை விதைப்பு காத்திராது.

செயலாளர் ஒருவர் மட்டும் பயிற்சி பெறின், அவர் விடுப்பெடுக்கும் நாளில் சங்கம் பூட்டியதற்குச் சமம். இருவரேனும் பழகட்டும். முதல் இரண்டு மாதம் பேரேட்டிலும் கணினியிலும் எழுதி, மாலைதோறும் ரொக்க இருப்பை ஒத்துப்பார்த்தல் நலம். இரட்டை வேலையென்று பணியாளர் முணுமுணுப்பர், நியாயந்தான். அதற்கென மிகையூதியம் வழங்குவதை நிர்வாகக் குழு ஆலோசிக்கலாம். நெசவாளர் சங்கங்களில் கூலிக் கணக்கை ஏற்றும்போதும் இதே எச்சரிக்கை தேவை.

அங்கத்தினர்கள், கணினி தரும் முதல் ரசீதைத் தங்கள் பழைய பாஸ் புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக. வேறுபாடிருப்பின் அன்றே எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை பெற்றுக்கொள்க.