நில எடுப்பு நோட்டீஸும் பிரிக்காத வாரிசுப் பங்கும்



சாலை, ரயில்பாதை, குடிநீர்த் திட்டம் என்று தன் தேவைக்கு எடுக்கும்போது, நம் சம்மதம் இல்லாமலேயே நிலத்தை விலை கொடுத்து எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அரசுக்கு உண்டு. 1894-ஆம் ஆண்டு வெள்ளையர் சட்டம் போய், 2013-இல் இயற்றிய சட்டம் 1.1.2014 முதல் நடப்பில் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் தனி. ஆகவே நோட்டீஸில் முதலில் பார்க்க வேண்டியது சட்டத்தின் பெயரும் தேதியும்தான். 2013 சட்டமென்றால், முதல்நிலை அறிவிப்பு வெளியானதிலிருந்து 60 நாளுக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம். தேசிய நெடுஞ்சாலைக்கு 21 நாள் மட்டுமே. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சேதி போய்ச் சேர்வதற்குள் அது ஓடிவிடும்.

நம் குடும்பங்களில் பெரிய சிக்கல் வேறு. பட்டா இன்னும் பாட்டனார் பெயரில் இருக்கும். அவர் மவ்த்தாகி முப்பது ஆண்டு ஆகியிருக்கும். அனுபவிப்பவர் ஒருவர், கட்டிக்கொடுத்த சகோதரிகளின் பங்கு பேச்சிலேயே நிற்கும். அதிகாரி பார்ப்பது பட்டாவைத்தான், நம் வீட்டுப் பேச்சை அல்ல. யாருக்கு எவ்வளவு என்பதில் தகராறு வந்தால், பணம் நம் கைக்கு வராமல் வழக்கை விசாரிக்கும் அமைப்பில் கட்டப்பட்டுவிடும். முதல்நிலை அறிவிப்பு வந்தபின், கலெக்டர் விலக்கு அளித்தாலொழிய, அந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. பாகம் பிரிப்பதை அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. நிலம் பணமாகிவிட்டதால் சகோதரியின் பங்கு போய்விடாது. ஃபராயிள் கணக்கு அந்தப் பணத்துக்கும் உண்டு.

விலை எப்படி வருகிறது? வழிகாட்டி மதிப்பையும், அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான விற்பனை விலைகளின் சராசரியையும் பார்த்து, கூடுதலானதை எடுப்பார்கள். சராசரிக்குக் கணக்கில் வருவது, கூடுதல் விலை எழுதிய பாதிப் பத்திரங்கள். முத்திரைச் செலவை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்து எழுதும் நம் ஊர்ப் பழக்கம் இந்த இடத்தில்தான் ஊரையே கடிக்கிறது. கிராமப்புற நிலமானால் அந்த மதிப்பை 1 முதல் 2 வரையிலான ஓர் எண்ணால் பெருக்குவார்கள். கட்டடம், மரம், கிணறு சேரும். மொத்தத்துக்கும் சமமாக, அதாவது 100 சதவீதம், ஆறுதல் தொகை உண்டு. தேசிய நெடுஞ்சாலை நிலத்துக்கும் 2015 முதல் இந்தக் கணக்கே.

தொகை போதாது என்று நினைப்பவர் பணத்தை வாங்க மறுக்க வேண்டியதில்லை. 'எதிர்ப்புடன் பெறுகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கலாம். 2013 சட்டத்தில், அப்படி எழுதாமல் வாங்கியவர் பிறகு கூடுதல் தொகை கேட்டு மனுச் செய்ய முடியாது. எழுதியவரும், இழப்பீட்டு ஆணை பிறப்பித்தபோது நேரில் இருந்திருந்தால், 6 வாரத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும்.

பள்ளிவாசல், கபரஸ்தான், வக்ஃப் நிலம் என்றால் முத்தவல்லி அன்றே வக்ஃப் வாரியத்துக்கு எழுத்தில் தெரிவிக்கட்டும். வீட்டு நிலமென்றால் நோட்டீஸ், தாய்ப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று ஆகியவற்றுடன் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். மனு எழுத உதவுவோம், இன்ஷா அல்லாஹ். வரும்போது சகோதரிகளையும் அழைத்து வாருங்கள்.