உரக் கிடங்கில் இருப்புக் கணக்கு

மேலுரம் இடவேண்டிய வாரத்தில் யூரியா இல்லையென்று கூட்டுறவுச் சங்கத்து வாசலிலிருந்து திரும்பிய அனுபவம் விவசாயிகளில் அநேகருக்கு உண்டு. சரக்கே வராமையால் நேரும் தட்டுப்பாடு ஒன்று. கணக்குப் பிசகினால் நேருவது மற்றொன்று. பின்னதைப் பற்றியே இங்கு சொல்லப் புகுந்தோம். தூர் கட்டும் பருவத்துக்குரிய தழைச்சத்தைக் கதிர் வந்தபின் இட்டால் இழந்த தூர்கள் திரும்பி வாரா; ஆதலால் இது அற்ப விஷயமன்று.

ஏட்டிலுள்ள இருப்பு வேறு, விற்கக்கூடிய இருப்பு வேறு. ஒரு சங்கத்தின் ஏட்டில் 45 கிலோ யூரியா மூட்டைகள் 160 உள்ளனவென்றும், வழியில் வரும் சரக்கு ஒன்றுமில்லையென்றும் வைத்துக்கொள்வோம். 20 மூட்டைக்குப் பணம் செலுத்தியோர் இன்னும் வண்டி கொண்டுவரவில்லை. 12 மூட்டை ஈரம் பட்டுக் கட்டிதட்டிக் கிடக்கின்றன. மிஞ்சுவது 128. நாளொன்றுக்கு 15 மூட்டை செலவாகி, கேட்டெழுதிய சரக்கு வந்துசேர 8 நாள் ஆகுமெனில், அதற்குள் 120 மூட்டை தீர்ந்துவிடும். லாரி இரண்டு நாள் தாமதிக்கக்கூடுமாகையால் மேலும் 30 மூட்டை சேர்த்து, இருப்பு 150-க்கு இறங்கியவுடன் கேட்டெழுதுவதே முறை. 160 என்ற எண்ணைப் பார்த்த காரியதரிசி நிம்மதியாயிருக்கிறார். மெய்யாகவோ, எழுதவேண்டிய நாள் முன்னமே கடந்துபோயிற்று.

2018-ஆம் வருஷம் முதல் நாடெங்கும் மானிய உரங்களின் விற்பனை கருவியில் பதியப்படுகிறது. மூட்டையைக் கொடுத்துவிட்டுப் பதிவை நாளைக்கென்று ஒத்திவைத்தால், கிடங்கு காலியாயிருக்கையிலும் கருவியில் இருப்புத் தோன்றும். அதைக் காணும் மேலதிகாரிகள் இவ்வூருக்கு அவசரமில்லையென்று எண்ணுவது இயல்பே. வாரம் ஒருமுறையேனும் மூட்டைகளை நேரில் எண்ணி ஒப்பிடல் வேண்டும்.

இவற்றினும் நுட்பமான பிழை ஒன்றுண்டு. இருப்பில்லாத நாளில் விற்பனையும் இல்லை. சென்ற வருஷ விற்பனையையே இவ்வருஷத் தேவையென்று கொள்வோமாயின், அன்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் கணக்கில் இடம்பெறவே மாட்டார்கள். ஒரு வருஷத் தட்டுப்பாடு மறுவருஷத்துக்கும் வித்திடும். ஆகையால், கேட்டும் கிடைக்காதவர்களின் பெயரையும் மூட்டைக் கணக்கையும் தனிக் குறிப்பில் எழுதிவருதல் அவசியம். தட்டுப்பாட்டுக்கு அஞ்சித் தேவைக்கு இரட்டிப்பாக வாங்கி வீட்டில் அடுக்குவோரும் கணக்கைக் கெடுப்பவர்களே. நம்மில் அத்தகையோர் சிலர் உண்டென்பதை மறைப்பானேன்?

தேவையை அறிய விற்பனை ஏட்டினும் நம்பத்தக்கது கிராம அடங்கல். அதில் பயிர்வாரியாக ஏக்கர் கணக்கு இருக்கிறது. 300 ஏக்கர் நெல்லுக்கு, ஏக்கருக்கு அரை மூட்டை வீதம், ஒரு மேலுரத்துக்கே 150 மூட்டை வேண்டும். நடவு ஒரே சமயத்தில் நடந்திருப்பின், அவ்வளவும் பத்து நாளுக்குள் கேட்கப்படும். இந்த ஏக்கர் கணக்கைக் கிராம உத்தியோகஸ்தர், நடவு முடியுமுன்னரே சங்கத்துக்குத் தெரிவித்துவிடல் வேண்டும்.