உள்ளே திறக்கும் யன்னலுக்கு வெளியே ஒரு தட்டி

கேள்வி: ஐயா, குருக்கள்மடத்தில் வாவியைப் பார்த்த காணியில் சென்ற வருடம் வீடு கட்டி முடித்தோம். யன்னல்களுக்குக் காசு அனுப்பியது சுவிஸில் இருக்கும் என் தம்பி. அவன் வீட்டில் உள்ளது போலவே வேண்டும் என்று வெள்ளை யூ.பி.வி.சி. சட்டம் போட்ட யன்னல்களைத் தெரிவுசெய்தான். கைப்பிடியைக் கிடையாகத் திருப்பினால் கதவு உள்பக்கம் திறக்கும். மேலே திருப்பினால் மேல்பக்கம் மட்டும் உள்ளே சரியும். வெளியே இரும்புக் கிறிலும் நுளம்பு வலையும் இருக்கின்றன. வாவிப் பக்கம் உள்ள ஹோலில் பின்னேரம் 3 மணிக்குப் பிறகு இருக்கவே முடியவில்லை. மருதமுனைக் கைத்தறியில் திரை தைத்துப் போட்டேன், கதவைத் திறக்கும்போதெல்லாம் அது கைப்பிடியில் சிக்குகிறது. நானும் கணவரும் ஆசிரியர்கள். தூசு தட்ட நேரம் கிடைப்பதில்லை. கிழக்கு அறையில் படுக்கும் மாமிக்கு முட்டு வருத்தம். மகனுக்கு இரண்டரை வயது. நகரத்துக் கடை ஒன்றில் மர வெனிசியன் பிளைன்ட்ஸ் காட்டினார்கள், வடிவாகத்தான் இருக்கிறது. அடுத்த கிழமை முற்பணம் கட்டலாமா? பராமரிப்பு வேலை குறைந்த வேறு ஏதும் இருக்கிறதா?
— வாசகி, குருக்கள்மடம்

பதில்: தங்கச்சி, முற்பணம் கட்டாதீர்கள். மர வெனிசியன் உங்கள் வீட்டுக்குச் சரிவராது. மழைக்காலத்து ஈரத்தில் பலகைகள் ஊதி, கச்சான் காற்றுக் காலத்தில் காய்ந்து முறுகும். பலகைகளைத் தாங்கும் நூலேணியில் பூஞ்சணம் பிடிக்கும். ஒவ்வொரு பலகையின் மேல்முகத்திலும் தூசு படியும், அதை ஒவ்வொன்றாகத்தான் துடைக்க வேண்டும். முட்டு வருத்தக்காரர் இருக்கும் வீட்டுக்கு அதுவே போதும் வேண்டாம் என்று சொல்ல. நான்கடி உயர யன்னலுக்கு அதை முழுதாக மேலே ஏற்றினாலும் முக்கால் அடி அளவுக்கு ஒரு கட்டு தொங்கிக்கொண்டே இருக்கும். லிண்டலுக்குக் கீழே அதைப் பொருத்திவிட்டால் கதவின் மேல்விளிம்பு அதிலே போய் இடிக்கும்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. சுவரில் மாட்டும் எந்த உள்திரையானாலும், ரோலரோ வெனிசியனோ உங்கள் கைத்தறித் திரையோ, அதை இறக்கிவிட்டால் உள்ளே திறக்கும் கதவைத் திறக்க முடியாது. கதவைத் திறக்க வேண்டுமானால் திரையை ஏற்ற வேண்டும். நிழலும் காற்றும் ஒன்றாகக் கிடைக்காது. எங்கள் ஊர்ப் பின்னேரத்துக்கு இரண்டுமே வேண்டும். வெயிலை வெளியிலேயே மறிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தம்பியிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அவர் வீட்டு யன்னலின் வெளிப்பக்கத்தில் என்ன பொருத்தியிருக்கிறது? சுவிஸிலும் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் உள்ளே திறக்கும் யன்னல் நெடுங்காலப் பழக்கம். அங்கே அநேகமான வீடுகளில் யன்னலுக்கு வெளியே மடக்கும் மரக்கதவோ, சுருட்டி இறக்கும் மறைப்போ, அலுமினியத் தகட்டுத் திரையோ இருக்கும். கதவு உள்ளே வருவதால் வெளிமுகம் முழுவதும் மறைப்புக்குக் கிடைக்கிறது. கோடையில் காலையிலேயே அதை இறக்கிவிட்டு வேலைக்குப் போவார்கள். இங்கே யன்னல் மட்டும் வந்து சேர்ந்தது, அதன் துணை வரவில்லை. எங்கள் பழைய யன்னல்கள் வெளியே திறந்தன; அவற்றின் முன்னால் எதையும் தொங்கவிட வழியில்லை. உங்கள் யன்னலுக்கு அந்தத் தடை இல்லை.

வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்து திரையில் விழுந்தால் திரை சூடாகும். அந்தச் சூட்டில் பெரும்பகுதி கண்ணாடி வழியே திரும்பிப் போகாது, அறைக்குள்தான் நிற்கும். அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் தரும் கணக்குப்படி, பளபளப்பான உள்பிளைன்டை முழுதாக இறக்கி மூடினால் வெப்பம் 45 சதவீதம் அளவுக்குக் குறையலாம். மேற்கு யன்னலுக்கு வெளியே கூடாரத்துணி மறைப்புப் போட்டால் 77 சதவீதம் வரை குறையலாம்.

எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே வீடு கட்டியவர்கள் எல்லோருக்கும் உங்கள் பிரச்சினை உண்டு. மேற்கே 56 கிலோமீற்றர் நீளத்துக்குத் தண்ணீர் கிடக்கிறது, மறைக்க மரமோ மதிலோ இல்லை. ஜூன் மாதம் மாலை 5 மணிக்கு எங்கள் பக்கம் சூரியன் அடிவானத்திலிருந்து 18 பாகை உயரத்தில்தான் நிற்கும். நான்கடி யன்னல் முழுவதற்கும் அப்போது நிழல் விழ, தாவாரம் 11 அடிக்கு மேல் நீள வேண்டும். அப்படி யாரும் கட்டுவதில்லை. தெற்கு யன்னல் என்றால் கதை வேறு: டிசம்பர் மதியத்தில்கூட சூரியன் 59 பாகையில் நிற்பதால் இரண்டரை அடித் தாவாரமே நான்கடி யன்னலைக் காத்துவிடும். ஆகவே தெற்கு யன்னல்களுக்கு இப்போதைக்கு ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம்.

மேற்கில் இரண்டாவது வெயிலும் ஒன்று உண்டு, அது தண்ணீரிலிருந்து வருவது. சூரியன் 10 பாகைக்குத் தாழும்போது அசையாத நீர் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி எறிகிறது. அது கீழிருந்து மேலாக வந்து கண்ணைக் கூசவைக்கும், முகட்டிலும் அடிக்கும். மேலிருந்து பாதிவரை இறக்கிய பிளைன்ட் அதற்கு உதவாது. வாவியோரத்து வீட்டுக்குக் கடைக்காரர்கள் இதை யோசித்துச் சாமான் காட்டுவது குறைவு.

இனி என்ன வாங்குவது என்று பார்ப்போம். மேற்கு ஹோலுக்கு வெளியே மூங்கில் தட்டி. யன்னலை ஒட்டித் தொங்கவிட வேண்டாம். தாவாரத்தின் வெளிவிளிம்பில் தொங்கட்டும். இடையில் உள்ள வெளியில் சூடேறிய காற்று மேலே போய்விடும், சுவரும் சேர்ந்து நிழலில் நிற்கும். யன்னலைவிட இருபுறமும் ஓர் அடி அகலம் கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் ஆனி ஆடியில் வடமேற்காகச் சாயும் வெயில் பக்கவாட்டில் நுழையும். அடியில் ஒன்றரை அடி வெளியை விட்டு இறக்கினால் வாவிக் காற்று வரும். நீரின் பளபளப்பும் வரும், அதற்கு உள்பக்கத்தில் வேறு ஏற்பாடு சொல்கிறேன். வெளியே கிறில் இருப்பதால் யன்னல் வழியாகக் கையை நீட்டித் தட்டியைச் சுருட்ட முடியாது. கயிற்றைச் சுவரோரமாகக் கொண்டுவந்து ஆளுயரத்துக்கு மேலே ஒரு கொளுக்கியில் கட்டச் சொல்லுங்கள். நீல நிறப் பிளாஸ்ரிக் கயிறு வெயிலில் பொடிந்துபோகும். எங்கள் தும்புக் கயிறு உப்பையும் ஈரத்தையும் தாங்கும்.

தட்டிக்கு வருடத்தில் இரண்டு நாள் வேலை. ஐப்பசியில் மழை தொடங்குமுன் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்துச் சுருட்டி உள்ளே வைக்க வேண்டும். மாசி முடிந்ததும் மறுபடி மாட்டலாம். மாரியில் மழையும் காற்றும் வடகிழக்கிலிருந்து வருவதால் மேற்குச் சுவருக்கு அப்போது தட்டி பெரிதாகத் தேவைப்படாது. 1978 நவம்பர் 23 சூறாவளி எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதை மாமியிடம் கேட்டால் சொல்வார். அந்த மாதங்களில் வெளியே எதுவும் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. மூங்கில் சில வருடங்களில் நைந்துபோகும், மாற்ற வேண்டும். அதை நான் குறையாக எண்ணவில்லை. மாற்றுவது மலிவு, பழையது அடுப்புக்கு ஆகும்.

இரண்டு கச்சான் காலம் தட்டியுடன் இருந்து பார்த்த பிறகு, நிரந்தரமாக ஒன்று வேண்டும் என்று தோன்றினால், பவுடர் கோட்டிங் செய்த அலுமினியத்தில் சாய்தகடு போட்ட வெளிக்கதவுகள் செய்விக்கலாம். அப்போது திருகாணிகள் 316 தர ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீலாக இருக்கட்டும். 304 இந்த உப்புக்காற்றில் பழுப்புக் கறை கட்டும். ஸ்ரீலும் அலுமினியமும் தொடும் இடத்தில் நைலோன் வளையம் போடாவிட்டால் அலுமினியம் அரித்துப்போகும். பொருத்துகிறவர் அவசரப்பட்டு விட்டுவிடும் இடம் இது, கிட்ட நின்று பாருங்கள்.

கச்சானைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூன், ஜூலையில் மலைநாட்டைத் தாண்டி இறங்கி வரும் அந்தக் காற்று சில நாட்களில் கடற்காற்றையே தோற்கடித்து, வெப்பத்தை 37, 38 பாகை வரை ஏற்றிவிடும். அந்த மதியங்களில் யன்னலைத் திறப்பது வீட்டுக்குள் சூட்டையும் புழுதியையும் அழைப்பதுதான். தட்டியை இறக்கி, கண்ணாடியைச் சாத்தி, ஃபேனைப் போட்டுக்கொண்டிருங்கள். உங்கள் யன்னலின் இறப்பர் அடைப்பு இதற்கு மிக நல்லது, புழுதி புகாது. பொழுது சாய்ந்த பிறகு திறவுங்கள்.

உள்ளே என்ன போடுவது? மேற்கு ஹோலுக்கு, யன்னல் கதவிலேயே ஒட்டிப் பொருந்தும் மடிப்புத் திரை. மெல்லிய பொலியெஸ்ரர் துணி, மேலும் கீழும் இரண்டு ஒல்லியான அலுமினியச் சட்டங்கள், இரண்டையும் கையால் பிடித்து நகர்த்தலாம். கதவோடு சேர்ந்து திரையும் உள்ளே வரும். கதவைச் சரித்து வைத்தாலும் திரை இறங்கியபடியே இருக்கும். மேல்சட்டத்தைக் கீழே இழுத்துவிட்டால் யன்னலின் கீழ்ப்பாதி மட்டும் மூடும். தண்ணீர்ப் பளபளப்பு மறையும், மேலே வானமும் வெளிச்சமும் இருக்கும். கண்ணாடியைப் பார்க்கும் முகம் வெள்ளையாக இருக்கட்டும். தேன்கூடு போல் அறைகள் உள்ள வகையையும் கடையில் காட்டுவார்கள், குளிர் நாட்டுக்கு அது உகந்தது. இங்கே மழைக்கு வரும் ஈசல் அந்த அறைகளுக்குள் புகுந்து செத்துக் கிடக்கும், எடுக்க முடியாது.

யன்னல் சட்டத்தில் துளை போட யாரையும் விடாதீர்கள். யூ.பி.வி.சி. சட்டத்துக்குள்ளே இரும்புக் குழல் இருக்கிறது, துளை வழியே ஈரம் இறங்கினால் அது உள்ளுக்குள்ளேயே கறள் பிடிக்கும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் ஒடுங்கிய பட்டையில் ஆணி இறங்கினால் கண்ணாடியே வெடிக்கலாம். கவ்வியால் கதவு விளிம்பில் மாட்டும் வகையைக் கேளுங்கள். அளவெடுக்கும்போது கதவை முழுதாகத் திறந்து வைத்து, பிணைச்சல் பக்கத்தில் கதவுக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு வெளி இருக்கிறது என்று பாருங்கள். திரையின் தடிப்பு அதற்குள் அடங்காவிட்டால் கதவு பாதியில் நின்றுவிடும். கைப்பிடி திரும்பும் இடத்தையும் விட்டு அளக்க வேண்டும். மேற்கு யன்னல்கள் எல்லாம் ஒரே அளவு என்று நம்பி ஒன்றை மட்டும் அளந்து கொடுக்காதீர்கள், மேசன் வேலையில் அரை அங்குலம் முன்பின்னாக இருக்கும்.

நுண்வலைத் துணியில் ரோலர் வாங்கச் சொல்லியும் யாராவது வருவார்கள். துணி நல்லது, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். 3 சதவீதம், 5 சதவீதம் என்று அதன் துளையளவைச் சொல்வார்கள். கரு நிறத்தில் எடுத்தால் வாவி தெளிவாகத் தெரியும், கண்ணும் கூசாது. ஆனால் இரவில் உள்ளே லைட் எரியும்போது வெளியே நிற்பவருக்கு நீங்கள் தெரிவீர்கள். படுக்கையறைக்கு அது ஆகாது.

மகனுக்காக ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: வளையமாகத் தொங்கும் சங்கிலியோ நூலோ உள்ள எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. பிளைன்ட் நூல் கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்த சம்பவங்களால்தான் அமெரிக்காவில் 2018 டிசம்பருக்குப் பிறகு கடையில் அடுக்கி விற்கும் பிளைன்ட்கள் தொங்குநூல் இல்லாமல் வருகின்றன. ஐரோப்பிய விதிப்படி வளையம் தரையிலிருந்து ஒன்றரை மீற்றருக்குக் கீழே வரக்கூடாது. நான் சொன்ன மடிப்புத் திரையில் தொங்கும் நூல் கிடையாது. வெளியே தட்டிக் கயிறும் அவன் கைக்கு எட்டாத உயரத்திலேயே இருக்கட்டும். யன்னலடியில் கட்டிலையோ கதிரையையோ போடாதீர்கள்.

மாமியின் அறைக்கு உங்கள் மருதமுனைத் திரையே போதும். காலை வெயில் 9 மணியோடு உக்கிரம் குறையும், அதுவரை ஒரு துணி தாங்கும். திரைக் கம்பியை யன்னலின் இருபுறமும் ஓர் அடி நீட்டி, சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி மாட்டுங்கள். பகலில் திரையைச் சுவர்ப்பக்கம் முழுதாக ஒதுக்கிவிட்டால் கைப்பிடியில் சிக்காது. முட்டு வருத்தக்காரர் அறையில் கழுவி உலர்த்தக்கூடிய துணிக்கு நிகரான பிளைன்ட் ஏதும் இல்லை; இரண்டு சோடி வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள். கிழக்குச் சுவரில் மாரி மழை நேராக அறையும் என்பதால் அந்த யன்னலின் கீழ்ச்சட்டத்தில் வெளிப்பக்கமாக உள்ள சிறிய நீர்த்துவாரங்களைப் புரட்டாதியிலேயே ஒரு ஈர்க்கால் குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள். மண் அடைத்திருந்தால் தண்ணீர் உள்ளே வழிந்து மாமியின் கட்டில்வரை வரும்.