முந்தல் களப்பும் நம்ம பீலித் தண்ணியும்



நாம் வாங்கும் உப்பும் கருவாடும் பல நேரம் புத்தளம் கரையில் இருந்து மலையேறி வருகின்றன. மலையில் இருந்து கடலுக்கு என்ன போகிறது? தண்ணி போகிறது. நாம் கழுவி ஊற்றினதும் அதோடு சேர்ந்து போகிறது. அப்படிப் போவதில் ஒன்றைப் பற்றி இந்த இதழில் படிப்போம். அதன் பெயர் ஓமோன்.

ஓமோன் என்பது உடம்புக்குள்ளேயே ஊறி, இரத்தத்தில் ஓடி, "இந்த வேலையை இப்போது செய்" என்று உறுப்புகளுக்குச் சொல்லும் பொருள். பிள்ளை வயதுக்கு வருவது, கர்ப்பம் தங்குவது, தாய்க்குப் பால் சுரப்பது எல்லாம் அதன் சொல்படிதான். இதை விளங்கிக்கொள்ள முந்தலுக்குப் போவோம்.

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் நடுவே இருக்கிறது முந்தல். 1980களில் இருந்து இந்தக் கரையில் இறால் பண்ணைகள் பெருகின. தொட்டியில் அடைத்த தாய் இறால் லேசில் முட்டை வைக்காது. அதனால் குஞ்சு பொரிக்க வைக்கும் இடங்களில் அதன் ஒரு கண்ணின் காம்பை நறுக்கிவிடுவார்கள். "இப்போது முட்டை வேண்டாம்" என்று தடுக்கும் ஓமோன் அந்தக் காம்பில்தான் ஊறுகிறது. காம்பு போனால் சில நாளிலேயே சினை பிடித்துவிடும். கேட்கவே மனசு கூசுகிற வேலைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளிப் பொருள் ஓர் உயிரின் போக்கையே மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

முந்தலில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அங்குள்ள களப்பைச் சிலாபத்தோடும் புத்தளம் களப்போடும் இணைப்பது ஒல்லாந்தர் கால்வாய். பண்ணைக்காரர் தண்ணி எடுத்ததும் அந்தத் தொடுப்பில், கழிவை விட்டதும் அதே தொடுப்பில். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது ஒரு பண்ணையின் நோய்த் தண்ணியை அடுத்த பண்ணை இறைத்தது. ஏகப்பட்ட குளங்கள் கைவிடப்பட்டன. அது கிருமி, ஓமோன் இல்லை. ஆனாலும் மேலே உள்ளவன் விட்டதைக் கீழே உள்ளவன் இறைக்கிறான் என்பது இரண்டுக்கும் ஒன்றுதான். களனி கங்கையும் சிவனொளிபாத மலைப் பக்கத்தில் தேயிலைக்கு நடுவே பிறந்து, கொழும்புக்குப் போய்க் குடிதண்ணியாகிறது.

சரி, ஆற்றுக்கு ஓமோன் எப்படி வருகிறது? மனுசர், மாடுகளின் சிறுநீரில் வருகிறது. கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கைப் பெண் ஓமோனும் அப்படியே கக்கூஸ் வழியாகப் போகிறது. இன்னும் சில பூச்சிமருந்துகள் ஓமோன் மாதிரி வேசம் போட்டு உடம்பை ஏமாற்றும்.

அளவுதான் ஆச்சரியம். கனடாவில் ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை, மாத்திரையில் உள்ள அந்த ஓமோனை ஆய்வாளர்கள் வேண்டுமென்றே கலந்து பார்த்தார்கள். லீற்றருக்கு 5, 6 நானோகிராம்தான். அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிராம், பத்தாயிரம் லீற்றர் பவுசர் இருபதாயிரத்துக்குப் போதும்! அதற்கே அங்கிருந்த சின்ன மீன் இனம் ஒன்று அழியும் நிலைக்கு வந்துவிட்டது. கலப்பதை நிறுத்தின பிறகு சில வருசத்தில் மீன் திரும்பவும் பெருகியது.

இவ்வளவு நுண்ணிய அளவைச் சாதாரணத் தண்ணிப் பரிசோதனை காட்டாது. அதனால் மீனையே கேட்கிறார்கள். இங்கிலாந்தில் கழிவுத் தண்ணி ஆற்றில் விழும் இடங்களில் ஆண் மீன்களைக் கூண்டில் விட்டு, சில வாரத்தில் இரத்தத்தைப் பார்த்தார்கள். முட்டையின் மஞ்சட்கருவுக்கு உரிய புரதம் ஆண் மீனின் இரத்தத்தில் நிறைந்திருந்தது. இந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. முந்தல் மாதிரி தண்ணி மெதுவாக மாறுகிற களப்புக்கு இப்படிப்பட்ட கண்காணிப்பு மிகவும் வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

"மீனுக்குத்தானே?" என்று விட்டுவிட முடியாது. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேலே 20 வருசத்துக்கும் மேலாக ஹெலிகொப்டரில் எண்டோசல்பான் அடித்தார்கள். அதுவும் நம்மைப் போல மலைச்சரிவில் ஓடைத் தண்ணியை நம்பி வாழும் சனங்கள்தான். அங்குள்ள பள்ளிக்கூடத்து ஆண் பிள்ளைகள் வயதுக்கு வருவது பிந்துகிறது என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. இலங்கை அந்த மருந்தை 1998இலேயே நிறுத்திவிட்டது.

நம்ம பீலிக்கு வருவோம். மருந்து டேங்கியைப் பீலியிலோ ஆற்றிலோ கழுவவே வேண்டாம். வெறும் கேனை மூன்று தரம் அலசி, அந்தத் தண்ணியை டேங்கியிலேயே ஊற்றி மலைக்கு அடித்துவிடுங்கள். பிறகு கேனில் ஓட்டை போட்டு ஸ்டோரில் திருப்பிக் கொடுங்கள். அதில் தண்ணி பிடித்து வைக்கும் வழக்கம் சில லயங்களில் இன்னும் இருக்கிறது. மருந்தடித்த உடுப்பைப் பிள்ளை குளிக்கிற இடத்தில் துவைக்காதீர்கள். மிஞ்சின மாத்திரையைக் கக்கூஸில் போடாமல் டிஸ்பென்சரியில் கொடுங்கள். கருத்தடை மாத்திரை எடுக்கும் சகோதரிகள் இதைப் படித்துப் பயந்து நிறுத்திவிட வேண்டாம். ஆற்றில் கலப்பதைத் தடுக்க வேண்டியது நல்ல குழிக் கக்கூஸ், உங்கள் வயிறு அல்ல. அந்தக் குழியும், பீலிக்குத் தள்ளி மருந்து கலக்க ஓர் இடமும் தோட்ட நிர்வாகம் கட்டித் தர வேண்டியவை. அடுத்த கூட்டத்தில் தலைவர்மார் இந்த இரண்டையும் எழுத்தில் கேட்கலாம்.